சிலுவையின் மேல் ஒரு மும்மொழிப் பலகை

எருசலேம் நகரின் மதிலுக்கு வெளியே, கி.பி. 30ஆம் ஆண்டளவில், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவரின் தலைக்கு மேல் ஒரு பலகை அறையப்பட்டது. தண்டிக்கப்பட்டவர் யார், அவர் மீது சாட்டப்பட்ட குற்றம் யாது என்பதை வழிப்போக்கர் அறிய வேண்டும் என்பதே உரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் நோக்கம். அந்தப் பலகை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. மும்மொழி அறிவித்தற் பலகைகளைப் பார்த்துப் பழகிய நாட்டிற் பிறந்த எமக்கு இது வியப்பான செய்தியன்று. ஓர் அரசு எந்தெந்த மொழிகளில் அறிவித்தல் எழுதுகின்றது என்பதைக் கொண்டே, அந்த மண்ணை ஆள்பவர் யார், அங்கு வாழ்பவர் யார், வந்துபோகின்றவர் யார் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

அந்த மரணத்தின்பின் முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்து, கி.பி. 64இல், உரோம் நகரம் பற்றியெரிந்தது. நீரோ மன்னன் பழியைச் சுமத்துவதற்கு ஆள் தேடியபோது, கிறிஸ்தவர்கள் என்ற பெயருடைய ஒரு கூட்டத்தார் தலைநகரிலேயே கண்ணுக்குத் தெரியுமளவுக்குப் பெருகியிருந்தனர். உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதனைப் பதிவுசெய்துள்ளார். அவர் கிறிஸ்தவர்களின் நண்பரல்லர் என்பதால் அவரது சாட்சியம் கூடுதற் பெறுமதி உடையதாகிறது.

செய்தித் தொழிலில் ஆயுளிற் பெரும்பகுதியைக் கழித்த என் போன்றவர்களுக்கு இங்கே இயல்பாக எழும் கேள்வி ஒன்று உண்டு. தந்தியும் அச்சும் இல்லாத காலத்தில், பேரரசின் ஒரு மூலையிலே, தச்சர் ஒருவரின் மகன் கொல்லப்பட்ட செய்தி, ஈராயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள தலைநகரை ஒரு தலைமுறைக்குள் எப்படி எட்டியது? ஒரு செய்தி பரவுவதற்கு மூன்று தேவை. அது செல்வதற்கு வழி வேண்டும். சொல்வதற்கு மொழி வேண்டும். கேட்பதற்குச் செவி வேண்டும். பிலாத்துவின் பலகையிலிருந்த மூன்று மொழிகளும் இந்த மூன்றையும் நமக்குக் காட்டுகின்றன.

இக்கேள்வி புதியதன்று. இறைமகன் காலம் முதிர்ந்த வேளையில் அனுப்பப்பட்டார் என்ற கருத்தைப் புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலிலேயே காணலாம். 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய அறிஞர் ஒரிஜனும், 4ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸும், ஒகஸ்டஸ் மன்னன் பல அரசுகளை ஒன்றாக்கியது நற்செய்தியின் வருகைக்கு இறைவன் செய்த ஆயத்தமே என்றனர். 1776இல் தமது பெருநூலின் முதலாம் தொகுதியை வெளியிட்ட எட்வேர்ட் கிப்பன், இறை ஏற்பாட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, மனிதக் காரணங்கள் ஐந்தை வரிசைப்படுத்தினார். நம்பிக்கையாளர் எப்பக்கம் நின்றாலும் ஆகுக. வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டியது வேறொன்று. அந்த வழியையும் மொழியையும் செவியையும் உருவாக்கியவர்களில் எவரும் கிறிஸ்தவத்தை மனத்திற்கொண்டு அவற்றை உருவாக்கவில்லை. அவை யாவும் படையெடுப்பினாலும் தோல்வியினாலும் இடப்பெயர்வினாலும் விளைந்தவை.

இலத்தீன்: ஆட்சியும் வழியும்

கி.மு. 1ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி உரோமர் தம்முள் தாமே போரிட்டு மடிந்த காலம். மத்தியதரைக் கடல் கடற்கொள்ளையரின் வேட்டைக்காடாக இருந்தது. கி.மு. 67இல் தளபதி பொம்பே மூன்றே மாதங்களில் அவர்களை ஒடுக்கினான். நான்கு ஆண்டுகளின் பின், கி.மு. 63இல், அதே பொம்பே எருசலேமைக் கைப்பற்றி, தலைமைக் குரு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நுழையும் ஆலயக் கருவறைக்குள் காலடி வைத்தான். கப்பல்களுக்குக் கடலைத் திறந்துவிட்டவனும் யூதர்களின் சுதந்திரத்தை முடித்துவைத்தவனும் ஒருவனே என்பதை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

கி.மு. 31இல் அக்ரியம் கடற்போரில் வென்ற ஒக்டேவியன், கி.மு. 27இல் ஒகஸ்டஸ் என்ற பட்டத்துடன் தனியாட்சியை நிலைநாட்டினான். அதனைத் தொடர்ந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நிலவிய பொது ஒழுங்கையே வரலாற்றாசிரியர் ‘உரோம அமைதி’ என்பர். எல்லைகளிற் போர் இருந்தது. மாகாணங்களிற் கிளர்ச்சி இருந்தது. ஆயினும் சிரியாவிலிருந்து ஸ்பெயின் வரை ஒருவர் ஒரே ஆட்சியின் கீழ்ப் பயணஞ் செய்யக்கூடிய நிலை, மனித வரலாற்றில் அதற்கு முன்னர் இருந்ததில்லை.

உரோமச் சாலைகளைப் பற்றிப் பலரும் பேசுவர். பேரரசின் உச்சக்காலத்தில் முதன்மைச் சாலைகள் மட்டும் ஏறத்தாழ 80,000 கிலோமீற்றர் நீளமுடையனவாக இருந்தன என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. அவை படைகள் விரைந்து செல்வதற்காகவும் வரியும் கட்டளையும் தங்குதடையின்றிப் போய்வருவதற்காகவும் போடப்பட்டவை. சின்னாசியாவின் மலைவாசிகளை அடக்குவதற்காக ஒகஸ்டஸ் காலத்தில், கி.மு. 6இல், செபஸ்தே நெடுஞ்சாலை அமைக்கப்பட்டது. பிசீதியாவின் அந்தியோக்கியா, இக்கோனியம், லிஸ்திரா ஆகிய ஊர்களைச் சார்ந்து அந்தச் சாலைத் தொடர் சென்றது. பவுலின் முதற் பயணத்தில் வரும் ஊர்களின் பெயர்களும் இவையே. இரண்டாம் பயணத்தில் அவர் ஐரோப்பாவில் இறங்கியபின் நெயாப்பொலி, பிலிப்பி, அம்பிப்பொலி, அப்பொலோனியா, தெசலோனிக்கா என்று செல்கிறார். இது கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட எக்னாத்தியா நெடுஞ்சாலையின் ஊர் வரிசை. படைவீரருக்குப் போட்ட பாதையிலே ஒரு கூடாரத் தொழிலாளி நடந்தார்.

அரசின் அஞ்சல் சேவை அரச காரியங்களுக்கு மட்டுமே உரியது. தனியார் தம் கடிதங்களை அந்தத் திசையிற் செல்லும் ஒருவரிடமே கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. பவுலின் மடல்கள் அவ்வாறே சென்றன. கி.பி. 57ஆம் ஆண்டளவில் கொரிந்துப் பகுதியிலிருந்து உரோமருக்கு எழுதப்பட்ட மடலை எடுத்துச் சென்றவர், கெங்கிரேயாத் துறைமுகத்துச் சபையைச் சேர்ந்த பெபேயாள் என்னும் பெண்மணி என்பது பொதுவான கருத்து. அம்மடலின் இறுதியில் இருபதுக்கு மேற்பட்டோரைப் பவுல் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். தாம் அதுவரை காணாத ஒரு நகரில் அத்தனை பேரை அவர் அறிந்திருந்தார் என்றால், அக்காலத்து மக்கள் எவ்வளவு தூரம் இடம்விட்டு இடம் பெயர்ந்துகொண்டிருந்தனர் என்பது விளங்கும்.

சட்டமும் அவருக்கு ஒரு வழியாயிற்று. சிலிசியாவின் தர்சு நகரிற் பிறந்த பவுல், உரோமப் பிரஜாவுரிமை உடையவர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. எருசலேமில் அவரைக் கசையால் அடிக்க முனைந்த படைத்தலைவன், அவர் பிறப்பினாலேயே உரோமப் பிரஜை என்று அறிந்து அஞ்சுகிறான். அவ்வுரிமையைத் தான் பெருந்தொகை கொடுத்துப் பெற்றதாக ஒப்புக்கொள்கிறான். பிரஜாவுரிமை என்ற ஒரு சொல் மனிதனின் தலைவிதியை எவ்வாறு மாற்றும் என்பதை ஈழத்து வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. மன்னனிடம் முறையிடும் அவ்வுரிமையின்படியே பவுல் கைதியாகக் கப்பலேற்றப்பட்டார். அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குச் சென்ற அந்தக் கப்பலில் கோதுமை இருந்தது; 276 பேர் இருந்தனர். மால்ட்டாத் தீவுக் கரையில் அது உடைந்தது. உரோமின் பசியைத் தீர்க்க ஓடிய கப்பல்களிலேயே உரோமுக்கான செய்தியும் போயிற்று.

கிரேக்கம்: சொல்வதற்கு ஒரு மொழி

ஆட்சி உரோமருடையதாயினும், கிழக்கு மத்தியதரைப் பகுதியின் பொது மொழி கிரேக்கமே. இதற்கு நாம் மூன்று நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். கி.மு. 332இல் மகா அலெக்சாந்தர் பாலஸ்தீனக் கரையோரமாக எகிப்துக்குச் சென்றான். அடுத்த ஆண்டு அலெக்சாந்திரியா நகருக்கு அடிக்கல் இட்டான். கி.மு. 323இல் அவன் இறந்தபின் பேரரசு தளபதிகளிடையே பங்குபோடப்பட்டது. ஆனால் அவன் படைகளோடு சென்ற மொழி எல்லோருக்கும் பொதுவாயிற்று. அது ஏதென்ஸ் நகரத்துப் புலவரின் மொழியன்று. வணிகரும் மாலுமிகளும் அடிமைகளும் பேசிய எளிய ‘கொய்னே’ கிரேக்கம். புதிய ஏற்பாட்டு நூல்கள் அனைத்தும் இம்மொழியிலேயே நமக்குக் கிடைத்துள்ளன.

இயேசு பேசியது அரமேய மொழி. அவர் வாய்ச்சொற்களிற் சில மட்டும் அம்மொழியிலேயே நற்செய்திகளில் எஞ்சியுள்ளன. தந்தையை விளிக்கும் ‘அப்பா’ என்ற சொல் அவற்றுள் ஒன்று. ஓசையளவில் தமிழ்ச் செவிக்கு அது அந்நியமானதன்று. ஆனால் அந்தச் சொற்களோடு மட்டும் நின்றிருந்தால் அவரது போதனை கலிலேயாவையும் சிரியாவையும் தாண்டி மேற்கே செல்வது அரிதாகியிருக்கும். ‘மெசியா’ என்ற எபிரேயச் சொல் கிரேக்கத்தில் ‘கிறிஸ்து’ ஆகியது. அந்தப் பெயர்ப்பின் வழியாகவே உலகம் அவரை அறிந்தது.

இதனிலும் முக்கியமானது, யூதரின் வேதநூல் முன்னரே கிரேக்கத்தில் இருந்தமை. எகிப்தை ஆண்ட தொலமி மன்னர் காலத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில், அலெக்சாந்திரியாவில் இந்த மொழிபெயர்ப்பு தொடங்கியது. அறிஞர் எழுபத்திருவர் செய்தனர் என்ற மரபுக்கதையால் இதற்கு எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்ற பெயர் வழங்குகிறது. தாய்மொழியை மறந்துகொண்டிருந்த புலம்பெயர் யூதப் பிள்ளைகளுக்கு முன்னோரின் வேதத்தைக் கொடுக்கவேண்டிய தேவையே இதன் பின்னணி. பிற்காலத்தில் பவுலும் நற்செய்தியாளரும் மேற்கோள் காட்டிய வேதம் பெரும்பாலும் இதுதான். ஒரு சமூகம் தன் பிள்ளைகளை இழந்துவிடாதிருக்கச் செய்த வேலை, உலகத்துக்கே கதவு திறந்துவிட்டது.

மொழியோடு கருத்துகளும் வந்தன. உலகை ஊடுருவி நிற்கும் பேரறிவை ‘லோகோஸ்’ என்று ஸ்தோயிக்கர் அழைத்தனர். இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத மெய்யியலாளர் பைலோ, அச்சொல்லை மோசேயின் வேதத்தோடு இணைத்து விளக்கினார். யோவான் நற்செய்தி அச்சொல்லோடுதான் தொடங்குகிறது. தமிழில் அதனை ‘வாக்கு’ என்றும் ‘வார்த்தை’ என்றும் நாம் படிக்கிறோம். படித்த கிரேக்கருக்கு அது அந்நியமான சொல்லாக இருக்கவில்லை.

எபிரேயம்: கேட்பதற்கு ஒரு செவி

வழியும் மொழியும் இருந்தால் மட்டும் போதாது. அறியாத ஊரில் இறங்கும் ஒருவர் முதலில் யாரிடம் பேசுவது? இதற்கு விடை, அக்காலத்து யூதரின் சிதறிய வாழ்வில் உள்ளது.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்து மக்களைச் சிறைகொண்டு சென்றதிலிருந்து இந்தச் சிதறல் தொடங்குகிறது. பின்னர் போர்க் கைதிகளாகவும் கூலிப்படையினராகவும் வணிகராகவும் அவர்கள் பரவினர். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்துக்கு வெளியே வாழ்ந்த யூதரே தொகையிற் கூடியவர் என்பது பெரும்பாலான ஆய்வாளரின் கணிப்பு. அலெக்சாந்திரியாவின் ஐந்து பிரிவுகளில் இரண்டு யூதர் வாழும் பகுதிகளாக அறியப்பட்டன என்று பைலோ எழுதியுள்ளார். எங்கு வாழ்ந்தாலும் அவர்கள் ஓய்வுநாளிற் கூடினர், வேதம் வாசித்தனர், எருசலேம் ஆலயத்துக்கு ஆண்டுதோறும் அரைச் செக்கேல் வரி அனுப்பினர்.

அவர்களுடைய தொழுகைக்கூடம் வழிபாட்டுக்கு மட்டுமான இடமன்று. எருசலேமில் கண்டெடுக்கப்பட்ட, ஆலயத்தின் அழிவுக்கு முற்பட்டதெனக் கருதப்படும் கல்வெட்டொன்று, தெயோதொத்து என்பவர் கட்டிய தொழுகைக்கூடத்தைப் பற்றிக் கூறுகிறது. வேதம் வாசிப்பதற்கும் கட்டளைகளைக் கற்பிப்பதற்கும், வெளியூரிலிருந்து வருவோர் தங்குவதற்கும் அது கட்டப்பட்டதாம். யூதரின் தலைநகரிலேயே அக்கல்வெட்டு கிரேக்கத்தில் எழுதப்பட்டுள்ளமை கவனிக்கத்தக்கது. வந்த விருந்தினரை எழுந்து ஒரு சொல் பேசும்படி அழைக்கும் வழக்கமும் அக்கூடங்களில் இருந்தது. பவுல் ஊர் ஊராகச் சென்று முதலில் தொழுகைக்கூடத்தைத் தேடியதன் காரணம் இதுவே.

அங்கே யூதர் மட்டும் அமர்ந்திருக்கவில்லை. ஒரே கடவுள் என்ற கொள்கையினாலும் ஒழுக்கநெறியினாலும் கவரப்பட்ட கிரேக்கரும் பிறரும் கடைசி வரிசைகளில் இருந்தனர். ‘கடவுளுக்கு அஞ்சுவோர்’ என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். விருத்தசேதனமும் உணவு விதிகளும் அவர்கள் முழுமையாக உள்ளே வருவதற்குத் தடையாயின. பிறவினத்தாருக்கு அந்த விதிகளைச் சுமத்துவதில்லை என்று கி.பி. 49ஆம் ஆண்டளவில் எருசலேமிற் கூடிய திருத்தூதர் முடிவுசெய்தபோது, வாசலில் காத்திருந்தவர்களுக்கு வாசல் திறந்தது. கிறிஸ்தவத்தின் முதற் பிறவினத்து உறுப்பினரிற் பலர் இந்த வரிசைகளிலிருந்தே வந்தனர்.

யூத சமயத்துக்கு உரோமர் வழங்கிய சலுகையும் இங்கே குறிப்பிடத்தக்கது. யூலியஸ் சீசரின் காலந்தொட்டு அவர்கள் தம் முன்னோர் வழக்கப்படி கூடவும் வழிபடவும் அனுமதி பெற்றிருந்தனர். புதிய இயக்கம் முதற் சில பத்தாண்டுகள் இக்குடையின் கீழேயே நின்றது. கொரிந்தில் பவுலுக்கு எதிராக வழக்குத் தொடுக்கப்பட்டபோது, ஆளுநர் கல்லியோ, இது உங்கள் சட்டத்தைப் பற்றிய சொற்தகராறு என்று கூறி விசாரிக்க மறுத்துவிட்டார். மெய்யியலாளர் செனேகாவின் சகோதரரான இந்தக் கல்லியோவின் பெயர், கிளாடியஸ் மன்னனின் கட்டளை பொறிக்கப்பட்ட டெல்பிக் கல்வெட்டில் உள்ளது. அதனைக்கொண்டே அவர் கி.பி. 51-52இல் பதவி வகித்தார் என்பதும், பவுலின் வாழ்க்கைக் காலக்கணக்கும் நிறுவப்படுகின்றன.

அமைதியின் மறுபக்கம்

இவ்வளவையும் கூறிவிட்டு, உரோம அமைதி வாழ்க என்று முடித்துக்கொள்ளப் பல நூல்கள் விரும்புகின்றன. ஆனால் அந்த அமைதி யாருக்கு அமைதி?

கி.மு. 4இல் ஏரோது மன்னன் இறந்ததும் கலிலேயாவில் கிளர்ச்சி எழுந்தது. சிரியாவின் உரோம ஆளுநன் வாரஸ் படையுடன் வந்தான். செப்போரி நகரம் எரிக்கப்பட்டு மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்றும், கிளர்ச்சிக்காரரில் ஏறத்தாழ 2,000 பேர் சிலுவையில் அறையப்பட்டனர் என்றும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் கூறுகிறார். செப்போரியிலிருந்து நாசரேத்து ஆறு கிலோமீற்றர் அளவே. இயேசு பிறந்த காலமும் ஏறத்தாழ இதுவே. அவர் வளர்ந்த ஊரின் முதியோர் அந்தப் புகையைக் கண்ணாற் கண்டவர்கள். கி.பி. 6இல் வரிக் கணக்கெடுப்புக்கு எதிராகக் கலிலேயன் யூதா கிளர்ந்தெழுந்தபோது இயேசு சிறுவன். விடுதலை தரும் மெசியாவை ஒரு மக்கள் ஏன் அவ்வளவு தாகத்தோடு எதிர்பார்த்தனர் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதே காலத்தில் சின்னாசியாவில் வேறொரு குரல் கேட்டது. கி.மு. 9இல் ஆசிய மாகாணத்தின் ஆண்டுத் தொடக்கம் ஒகஸ்டஸ் பிறந்த நாளுக்கு மாற்றப்பட்டது. பிரியேனேயிற் கிடைத்த கல்வெட்டு, அம்மன்னனை மீட்பர் என்றும், அவன் பிறந்த நாளை உலகத்துக்கு வந்த நற்செய்திகளின் தொடக்கம் என்றும் போற்றுகிறது. அவனது நாணயங்களோ அவனைத் தெய்வத்தின் மகன் என்றன. நற்செய்தி, மீட்பர், தெய்வ மகன் ஆகிய சொற்கள் முதலில் அரண்மனையின் சொற்கள். அவற்றை எடுத்து, அதே அரசினால் கொல்லப்பட்ட ஒருவருக்குச் சூட்டினார்கள் முதற் கிறிஸ்தவர்கள். காலச்சூழல் கிறிஸ்தவத்துக்குத் துணைநின்றது என்று கூறும்போது, அது எதிர்த்து நின்றதன் மூலமும் துணைநின்றது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

அப்பியன் நெடுஞ்சாலை இதற்குச் சிறந்த சாட்சி. கி.மு. 312இல் தொடங்கப்பட்ட இந்தச் சாலையின் கப்புவா நகரிலிருந்து உரோம் வரையான பகுதியில், கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைக் கிளர்ச்சியிற் பிடிபட்ட 6,000 பேரைச் சிலுவைகளில் அறைந்து நிறுத்தினர். ஏறத்தாழ 130 ஆண்டுகளின்பின், அதே சாலையில் சங்கிலியுடன் பவுல் உரோமை நோக்கி நடந்தார். அப்பியு சந்தை வரையும் வந்து சகோதரர் அவரை எதிர்கொண்டனர். சிலுவைகளைக் காட்டி மக்களை அச்சுறுத்திய வழியிலேயே, சிலுவையைப் பற்றிய செய்தி தலைநகருக்குள் நுழைந்தது.

குடை பறந்த காலம்

கி.பி. 66இல் யூதேயா முழுமையாகக் கிளர்ந்தெழுந்தது. கி.பி. 70இல் தீத்துவின் படை எருசலேம் ஆலயத்தை எரித்தது. ஆலயத்தின் ஏழுகிளை விளக்குத்தண்டு கொள்ளைப்பொருளாகத் தூக்கிச் செல்லப்படும் காட்சியை உரோமில் உள்ள தீத்து வளைவில் இன்றும் காணலாம். ஆலயத்துக்கு யூதர் செலுத்திய வரி, உரோமின் யுப்பிட்டர் கோயிலுக்கு என்று திருப்பப்பட்டது. கி.பி. 132-135 காலத்துப் பார் கொக்பா கிளர்ச்சியின் பின் எருசலேம் என்ற பெயரே அகற்றப்பட்டு, யூதர் நகருக்குள் நுழையத் தடைசெய்யப்பட்டனர்.

தாய்ச்சபையின் நகரம் அழிந்தது. ஆயினும் அந்தியோக்கியா, எபேசு, அலெக்சாந்திரியா, உரோம் ஆகிய நகரங்களில் வேரூன்றிய இயக்கம் அழியவில்லை. யூதரும் கிறிஸ்தவரும் படிப்படியாகப் பிரிந்தனர். பிரிந்தபின் பழைய குடை இல்லை. கி.பி. 112ஆம் ஆண்டளவில் பித்தினியாவின் ஆளுநர் இளைய பிளினி, டிராஜன் மன்னனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த நம்பிக்கை நகரங்களோடு நில்லாது கிராமங்களுக்கும் பரவிவிட்டது என்றும், எல்லா வயதினரும் எல்லாத் தரத்தினரும் இருபாலாரும் இதிற் சேர்ந்துள்ளனர் என்றும் முறையிடுகிறார். உண்மையை அறிவதற்காகச் சபையிற் பணிசெய்த இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் அவர் சாதாரணமாக எழுதுகிறார். அவ்விருவரின் பெயர்களை அவர் குறிப்பிடவில்லை.

சூழல் மட்டும் போதுமா?

இதே சாலைகளில் வேறு தெய்வங்களும் பயணஞ் செய்தன. எகிப்தின் ஐசிஸ் வழிபாடு பேரரசின் மேற்கு எல்லை வரை சென்றது. மித்திரன் வழிபாடு படைமுகாம்களிற் செழித்தது. யூப்பிரத்தீஸ் நதிக்கரையிலிருந்த தூரா-யூரோப்போஸ் என்ற எல்லைப்புற நகரம் கி.பி. 256ஆம் ஆண்டளவிற் பாரசீகரால் அழிக்கப்பட்டது. 1930களில் அங்கு அகழ்ந்தவர்கள், மேற்கு மதிலை ஒட்டிய தெருவில் யூதத் தொழுகைக்கூடம், மித்திரன் கோயில், கிறிஸ்தவர் கூடிய வீடு ஆகிய மூன்றையும் கண்டனர். மூன்றுக்கும் ஒரே தெரு, ஒரே மொழிக் கலப்பு, ஒரே ஆட்சி. ஐசிஸும் மித்திரனும் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளனர். எனவே சூழல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பலன் பொதுவாக இருக்கவில்லை.

வேறுபாட்டை எங்கே தேடுவது? கி.பி. 150களில் உரோமில் எழுதிய யஸ்தின், ஞாயிறுதோறும் கிறிஸ்தவர் கூடி வாசித்து, உணவைப் பகிர்ந்து, காணிக்கை சேர்த்ததை விவரிக்கிறார். அந்தப் பணம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளருக்கும் சிறைப்பட்டோருக்கும் ஊருக்குப் புதியவருக்கும் சென்றது. கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்து, உறவின்றித் தவித்த மனிதர் நிறைந்த உலகம் அது. சாலைகள் மனிதரைப் பெயர்த்தன. பெயர்ந்தவர்களுக்கு ஓர் உறவை இச்சபைகள் கொடுத்தன. அடிமையும் சுதந்திரனும் ஒரே பந்தியில் அமர்ந்தனர். அடிமைமுறையையே ஒழிக்கவேண்டும் என்று அவர்கள் கோரவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

உரோமப் பேரரசுக்கு வெளியிலும் இச்செய்தி சென்றது. அரமேய மொழியின் ஒரு கிளையான சிரிய மொழி வழியாக எதேசாவுக்கும் பாரசீகத்துக்கும் அது பரவியது. பருவக்காற்றை நம்பி ஆண்டுதோறும் 120 கப்பல்கள் எகிப்தின் செங்கடற் துறையிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டதாகப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியுள்ளார். முசிறித் துறைமுகத்துக்கு மிளகு வாங்கவந்த அந்தக் கடல்வழியோடுதான் தோமையார் வருகை பற்றிய கேரள மரபும் இணைகிறது. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ், இலங்கையிற் பாரசீகக் கிறிஸ்தவரின் சபை இருந்ததைக் குறிப்பிட்டுள்ளார். ஆக, போர்த்துக்கேயர் காலியில் வந்திறங்குவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எமது தீவில் ஒரு கிறிஸ்தவச் சமூகம் இருந்தது.

பலகைக்குத் திரும்புவோம்

கி.பி. 313இல் கொன்ஸ்தந்தீன் மன்னன் கிறிஸ்தவருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் அளித்தான். கி.பி. 380இல் தியோடோசியஸ் அதனை அரச சமயமாக்கினான். அதன்பின் நடந்தவற்றுள் ஒன்று இந்த வரலாற்றைப் படிப்போரின் மனத்தை உறுத்தாமற் போகாது. தன் வேதத்தையும் தொழுகைக்கூடத்தையும் சட்டக் குடையையும் தந்த மக்களை, அதிகாரம் கைக்கு வந்தபோது கிறிஸ்தவ உலகம் பல நூற்றாண்டுகள் துன்புறுத்தியது. தங்க இடந்தந்த வீட்டுக்காரரை மறந்ததோடு நில்லாது, அவர் மீதே பழி சுமத்தியது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணப் பழியை அக்காலத்து யூதர் அனைவர் மீதோ இக்கால யூதர் மீதோ சுமத்தலாகாது என்று அறிவிக்கும் வரை, கத்தோலிக்கத் திருச்சபையின் சங்கம் எதுவும் அதனை இவ்வளவு வெளிப்படையாகக் கூறியிருக்கவில்லை.

காலம் கனிந்திருந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கனிவின் பின்னே நாடிழந்தவரின் இடப்பெயர்வும், பிள்ளைகளுக்காக மொழிபெயர்த்தவரின் கவலையும், சாலையோரச் சிலுவைகளில் இறந்தவரின் ஓலமும் உள்ளன. தோற்றவர்களின் துயரிலிருந்தே அந்தச் செய்திக்கு வழி பிறந்தது. வென்றவர்களின் மதமாக அது ஆனபோது மறக்கக் கூடாததும் அதுவே.

அந்தியோக்கியாவில்தான் முதன்முதலாக அவர்களுக்குக் ‘கிறிஸ்தவர்’ என்ற பெயர் வழங்கியது. அப்பெயரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளிருக்கும் கருத்து எபிரேயருடைய மெசியா. சொல் கிரேக்கருடைய கிறிஸ்து. ஒரு தலைவனைப் பின்பற்றுவோரைக் குறிக்கும் அதன் விகுதி இலத்தீன். பிலாத்துவின் பலகையிலிருந்த மூன்று மொழிகளும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எழுதுவித்தவன் அதனை அறிந்திருக்க நியாயமில்லை. 1961இல் செசாரியாத் துறைமுக நகரில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்லிற் பிலாத்துவின் பெயர் சிதைந்த நிலையிற் காணப்பட்டது. அவன் கட்டிய எதற்காகவும் இன்று அவனை எவரும் நினைப்பதில்லை. அவன் அறைவித்த ஒரு பலகைக்குக் கீழே தொங்கியவராலேயே அவன் பெயரும் நிற்கிறது.